ஹாரிசன் பட்கர் என்ன பேசினார், எதற்கு இத்தனை சண்டை?

2024 மே 11. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் அட்சிசன் என்றொரு சிற்றூர். அங்குள்ள பெனடிக்டைன் கல்லூரியில் பட்டமளிப்பு விழா. சிறப்பு விருந்தினர் ஹாரிசன் பட்கர், கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் கிக்கர். இருபது நிமிடம் போலப் பேசினார். முடித்தபோது அரங்கில் பெரும்பாலானோர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வீடியோ வெளியே வந்ததும் கதை மாறியது. அவரை அணியிலிருந்து நீக்கச் சொல்லி இணையத்தில் தொடங்கிய மனுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்துப் போட்டார்கள். அதே நாட்களில் அவர் பெயர் பொறித்த ஜெர்சி, அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் இணையக் கடையில் சூடாக விற்றது. பெண்களுக்கான அளவுகளிலும் சில தீர்ந்துபோயின.

"பெண்கள் வீட்டோடு இருக்க வேண்டும் என்றார் வீரர்" என்ற அளவில் செய்தியைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதில் பாதி புரியாது. இதற்குள் மூன்று தனிக் கேள்விகள் இருக்கின்றன. அப்படிப் பேச அவருக்கு உரிமை உண்டா? பேசியதற்காக வேலையை விட்டுத் தூக்கலாமா? பேசியது சரியா? மூன்றுக்கும் ஒரே பதில் வர வேண்டிய அவசியமில்லை. சண்டை போட்டவர்களில் பலர் ஒரு கேள்விக்கான பதிலை இன்னொரு கேள்விக்கு நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

## முதலில், கிக்கர் என்றால் யார்?

அமெரிக்கக் கால்பந்துக்குப் பெயரில்தான் கால். பந்தைக் கையால் எறிகிறார்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். உதைக்க மட்டும் தனி ஆள் உண்டு. அவர்தான் கிக்கர். 53 பேர் கொண்ட அணியில் அவருக்கு வேலை கொஞ்சம்தான். ஓர் ஆட்டத்தில் சில முறை உள்ளே வருவார், ஒவ்வொரு முறையும் சில விநாடி. பந்து இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. மற்ற நேரமெல்லாம் மைதானத்தின் ஓரத்தில் ஒரு வலைக்குள் பந்தை உதைத்துப் பழகிக்கொண்டிருப்பார். அணி வென்றால் பேர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு. கடைசி விநாடியில் பந்து கம்பத்துக்கு வெளியே போனால் ஊரே கிக்கரைத் திட்டும்.

பட்கரை 2017இல் கரோலைனா பாந்தர்ஸ் அணி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வின் கடைசிச் சுற்றான ஏழாம் சுற்றில் எடுத்தது, ஆட வைக்கவில்லை. அதே வருடம் சீஃப்ஸ் அவரை இழுத்துக்கொண்டது. அதன்பின் அவருக்கு ஏறுமுகம். 2023 பிப்ரவரியில், லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில், ஆட்டம் முடிய 8 விநாடி இருக்கையில் 27 கெஜத்திலிருந்து உதைத்து அணியை வெல்ல வைத்தவர் அவர். 2024 பிப்ரவரியில் 57 கெஜம், அதாவது 52 மீட்டர் தூரத்திலிருந்து அடித்து சூப்பர் பவுல் சாதனை வைத்தார். கைவசம் மூன்று சாம்பியன் பட்டங்கள். அதற்குப் பிறகு மூன்றே மாதத்தில் வந்ததுதான் அட்சிசன் மேடை. ஏழாம் சுற்று ஆள் இதையே பேசியிருந்தால் உள்ளூர்ப் பத்திரிகையோடு முடிந்திருக்கும்.

## பேச்சில் உண்மையில் என்ன இருந்தது?

பட்கர் மரபுவழிக் கத்தோலிக்கர். ஆயர்கள் 1960களில் கூடி வழிபாட்டைச் சீர்திருத்திய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முந்தைய இலத்தீன் திருப்பலியை (பூசையை) விரும்புகிறவர். பேச்சில் பெரும்பகுதி திருச்சபைக்குள் நடக்கும் வழக்கு. கோவிட் காலத்தில் ஆயர்கள் பயந்துவிட்டார்கள் என்றார். கத்தோலிக்கரான அதிபர் பைடன் கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பதைச் சாடினார். சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு, வாடகைத் தாய்முறை ஆகியவற்றைத் தீமைகளின் பட்டியலில் சேர்த்தார். தன்பாலின ஈர்ப்பாளர்கள் கொண்டாடும் பெருமித மாதத்தைச் சாவான பாவங்களில் ஒன்றான அகந்தையோடு ஒப்பிட்டுக் குத்தினார்.

ஆனால் உலகம் சுற்றியது பெண்களைப் பற்றிய இரண்டு மூன்று நிமிடம். அதன் சாரம் இது:

1. பெண்களே, உங்களுக்குத்தான் மிகக் கொடிய பொய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன என்றார். அவர் பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைப் பழைய கத்தோலிக்கத் தமிழில் சொன்னால் "பசாசுத்தனமான" பொய்கள்.

2. இந்த மேடை ஏறப்போகும் உங்களில் எத்தனை பேர் வேலையில் கிடைக்கப்போகும் பதவி உயர்வுகளையும் பதவிப் பட்டங்களையும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். சிலர் வேலையில் சாதிக்கலாம், ஆனால் பெரும்பாலானோர் திருமணத்தையும் பெறப்போகும் பிள்ளைகளையும் நினைத்துத்தான் அதிக ஆவலோடு இருப்பீர்கள் என்பது என் ஊகம் என்றார்.

3. மனைவியாக, தாயாகத் தன் அழைத்தலை வாழத் தொடங்கியபோதுதான் வாழ்க்கையே தொடங்கியது என்று என் மனைவியே சொல்வாள் என்றார். இல்லத்தை நடத்துபவள் என்பது எல்லாவற்றிலும் மிக முக்கியமான பட்டங்களில் ஒன்று என்றார். இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

4. ஆண்களிடம், ஆண்மையைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள் என்றார். வீட்டில் ஆண்கள் இல்லாமல் போனதுதான் நாட்டில் காணும் வன்முறைக்குப் பெரிய காரணம் என்றார்.

பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. அவரை ஆதரிப்பவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பச் சுட்டினார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பேச்சில் "பொய்" என்ற சொல் எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பதவி உயர்வு, பதவிப் பட்டம் ஆகியவற்றின் பக்கத்தில். நான்கு வருடம் படித்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி, கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், கல்லூரிப் பட்டம் கைக்கு வரப்போகும் நேரத்தில் அதைச் சொன்னார். இல்லறத்தைப் புகழ வேறு ஆயிரம் மேடைகள் உண்டு.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தீயை ஊதிவிட்டது அதுதான். டெய்லர் ஸ்விஃப்டின் பாட்டு வரி ஒன்றை எடுத்துச் சொன்ன பட்கர், அவர் பெயரைச் சொல்லவில்லை. "என் சக வீரரின் காதலி" என்று குறிப்பிட்டார். சக வீரர் என்பது டிராவிஸ் கெல்சி. சொந்தப் பாட்டால் நூறு கோடி டாலருக்கு மேல் சேர்த்த பெண்ணை இன்னாரின் காதலி என்று மட்டும் அழைத்தபோது, பேச்சின் மொத்தக் கருத்துக்கும் அவரே உதாரணம் காட்டியதுபோல் ஆகிவிட்டது. ஸ்விஃப்டின் ரசிகர்கள் சும்மா விடுவார்களா?

## இரண்டு சொற்கள்

இந்த விவாதத்தில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

அழைத்தல். தமிழகத்திலும் இலங்கையிலும் கத்தோலிக்கர்களுக்கு இது பழகிய சொல். கடவுள் ஒருவரை ஒரு வாழ்க்கை நிலைக்குக் கூப்பிடுகிறார் என்பது நம்பிக்கை. குருவாக, கன்னியராக (கன்னியாஸ்திரீயாக), திருமணமானவராக வாழ்வது எல்லாமே அழைத்தல்தான். அலுவலக வேலையை யாரும் பொதுவாக அழைத்தல் என்பதில்லை. பட்கர் தன் மனைவியின் வாழ்வை இந்தச் சொல்லால் குறித்தபோது அரங்கில் இருந்தவர்கள் அதை இறையியலாகக் கேட்டார்கள். இணையத்தில் பார்த்தவர்கள் வேலைவாய்ப்பு ஆலோசனையாகக் கேட்டார்கள். கைதட்டலுக்கும் கோபத்துக்கும் இடையே இருந்த தூரத்தில் ஒரு பகுதி இந்தக் காது வித்தியாசம்.

ஹோம்மேக்கர். தமிழில் இதை "இல்லத்தரசி" என்று எழுதிவிடுகிறோம். அதில் ஏற்கெனவே ஒரு கிரீடம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் வீட்டை உருவாக்குபவர், அவ்வளவுதான். சொல்லமைப்பில் ஆண், பெண் கிடையாது. கெல்சி தன் பாட்காஸ்டில் பதில் சொன்னபோது இந்த இடத்தைத்தான் சரியாகப் பிடித்தார். எங்கள் வீட்டில் அம்மா அப்பா இருவருமே சம்பாதித்தார்கள், இருவருமே வீட்டை உருவாக்கினார்கள் என்றார். பட்கர் தன் குடும்பத்தை நேசிப்பதைத் தவிர, அந்தப் பேச்சில் ஏறக்குறைய எதோடும் உடன்பாடில்லை என்றும், அதற்காக அவரை மோசமான ஆளாக எடைபோட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னார்.

## பேச உரிமை, வேலை உரிமை

சரி, சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் குழப்பம் அதிகம்.

1. முதல் திருத்தம் யாரைக் கட்டுப்படுத்தும்? அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமையைக் காக்கிறது, ஆனால் அரசிடமிருந்து மட்டும். தனியார் முதலாளி, ரசிகர், விளம்பர நிறுவனம் யாரையும் அது கட்டாது. "நீக்கு" என்று இரண்டு லட்சம் பேர் கையெழுத்துப் போட்டதால் பட்கரின் பேச்சுரிமை பறிபோகவில்லை. அந்தக் கையெழுத்தும் பேச்சுதான். இந்த விவகாரத்தில் அரசு கை நுழைந்தது ஒரே இடத்தில்: கான்சஸ் சிட்டி மாநகராட்சியின் அதிகாரபூர்வ எக்ஸ் கணக்கு, அவர் எங்கள் ஊரில் வசிக்கவில்லை, இன்ன ஊரில் வசிக்கிறார் என்று பதிவு போட்டது. கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அரசாங்கக் கணக்கு ஒருவரின் இருப்பிடத்தைக் கைகாட்டியது. பதிவை நீக்கி மன்னிப்புக் கேட்டார்கள். அந்த நகரம் இருக்கும் மிசௌரி மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வழக்கறிஞர்) விசாரிப்பேன் என்று கிளம்பினார். பேச்சுரிமை பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கவலைப்பட வேண்டிய இடம் இது. ஆனால் அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2. முதலாளி நீக்கலாமா? அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் வேலைகளில் காரணம் சொல்லாமலே ஆளை அனுப்பலாம். என்எஃப்எல் வீரர்களுக்கு ஒப்பந்தமும் சங்கமும் இருப்பதால் அவ்வளவு எளிதில்லை. மேலும் 1964 குடிமை உரிமைச் சட்டம் மத நம்பிக்கைக்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதைத் தனியார் முதலாளிகளுக்கும் தடை செய்கிறது. கத்தோலிக்கக் கல்லூரியில், கத்தோலிக்க விழாவில், விடுமுறைக் காலத்தில், தன் மதத்தைப் பற்றிப் பேசியவரை நீக்கினால் வழக்கு கண்டிப்பாக வரும். என்எஃப்எல்லுக்கு இது தெரியாமல் இருக்குமா? அதன் பன்முகத்தன்மைப் பிரிவுத் தலைவர் ஜோனதன் பீன், அவர் தனிப்பட்ட முறையில் பேசினார், அது லீகின் கருத்தல்ல என்று இரண்டு மூன்று வரி அறிக்கையோடு நிறுத்திக்கொண்டார்.

3. அப்படியானால் கேப்பர்னிக்? எல்லோரும் எழுப்பிய ஒப்பீடு இது. 2016இல் கறுப்பின மக்கள் மீதான காவல்துறை வன்முறையை எதிர்த்து, தேசிய கீதத்தின்போது மண்டியிட்டார் என்எஃப்எல் வீரர் கோலின் கேப்பர்னிக். 2017இலிருந்து எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அணி முதலாளிகள் கூட்டுச் சதி செய்தார்கள் என்று அவர் தொடுத்த முறையீடு 2019 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது. கேப்பர்னிக் செய்தது வேலை நேரத்தில், மைதானத்தில். பட்கர் பேசியது வெளியே. இந்த வேறுபாடு உண்மைதான். ஆனால் 2016இல் கீதத்துக்கு நின்றே ஆக வேண்டும் என்ற கட்டாய விதியும் இல்லை. விதி கொண்டுவர லீக் முனைந்ததே 2018இல்தான், அதையும் இரண்டு மாதத்துக்குள் நிறுத்தி வைத்தது. விதிப் புத்தகத்தை மட்டும் வைத்து இரண்டு பேரின் கதியையும் விளக்க முடியாது. அணியின் முதலாளிக்கு எது உவப்பு, எது எரிச்சல் என்பதும் கணக்கில் உண்டு. சீஃப்ஸ் உரிமையாளர் கிளார்க் ஹன்ட்டின் மனைவியும் மகளும் இல்லத் தாய்மையைப் போற்றி வெளிப்படையாகவே பேசினார்கள். கேப்பர்னிக்குக்கு அப்படி ஒரு வீடு கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபோலோ தன்பாலின ஈர்ப்பாளர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்ற பொருளில் இன்ஸ்டாகிராமில் போட்டதற்காக 2019இல் ஒப்பந்தம் இழந்தார். அவருக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது. அதுவும் கடைசியில் சமரசத்தில்தான் முடிந்தது. மத நம்பிக்கையும் வேலை ஒப்பந்தமும் மோதும் இடத்தில் வக்கீல்கள் பெரும்பாலும் தீர்ப்பு வரை போக விடுவதில்லை.

பயிற்சியாளர் ஆண்டி ரீட், அணியில் எல்லாவித ஆட்களும் இருக்கிறார்கள், அவரவர் கருத்து அவரவருக்கு என்று கடந்து போனார். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ், ஏழு வருடப் பழக்கம், நல்ல மனிதர், எல்லாவற்றிலும் ஒத்துப்போக மாட்டேன் என்றார். உடைமாற்றும் அறையில் அன்றாடம் முகம் பார்க்க வேண்டியவர்கள் வேறெப்படிப் பேசுவார்கள்?

## கன்னியர் மடத்திலிருந்து வந்த பதில்

மூன்றாவது கேள்வி, பேசியது சரியா என்பது. இதற்கு வந்த பதில்களில் கூர்மையானது பெண்ணியவாதிகளிடமிருந்தோ பாடகியின் ரசிகர்களிடமிருந்தோ வரவில்லை. அதே அட்சிசன் ஊரிலிருந்து, அதே கல்லூரியைத் தோற்றுவித்தவர்களிடமிருந்து வந்தது.

பெனடிக்டைன் கல்லூரிக்கு இரண்டு வேர்கள். ஒன்று துறவிகள் நடத்திய ஆண்கள் கல்லூரி. மற்றொன்று 1863இல் அட்சிசனுக்கு வந்து பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய பெனடிக்டைன் கன்னியரின் மவுண்ட் செயின்ட் ஸ்கொலஸ்டிகா. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பின்னாளில் அது பெண்கள் கல்லூரியாக வளர்ந்தது. 1971இல் இரண்டும் இணைந்ததுதான் இன்றைய கல்லூரி. ஆக, பட்கர் நின்று பேசிய மேடையில் பாதி, பெண்களைப் படிக்க வைக்க வந்த பெண்கள் போட்டது. அவர்களில் யாரும் மணமாகி, பிள்ளை பெற்று, வீடு நடத்தியவர்கள் இல்லை.

அந்த மடத்தின் கன்னியர் அறிக்கை விட்டார்கள். பட்கரின் கருத்துகள் எங்கள் நிறுவனர்கள் கனவு கண்ட கத்தோலிக்க, பெனடிக்டைன், கலைக் கல்லூரியைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை என்றார்கள். ஒற்றுமைக்குப் பதில் பிரிவினையை வளர்த்திருக்கிறது என்றார்கள். இல்லத்தை நடத்துவதே பெண்ணுக்கு உயர்ந்த அழைத்தல் என்ற கூற்று தங்களுக்குக் கவலை தருகிறது என்றார்கள். கொஞ்சம் நியாயமாகப் பார்த்தால், பட்கர் "உயர்ந்த அழைத்தல்" என்ற சொற்றொடரைப் பயன்படுத்தவில்லை. "மிக முக்கியமான பட்டங்களில் ஒன்று" என்றார். ஆனால் மணவாழ்வில் நுழைந்தபோதுதான் வாழ்க்கையே தொடங்கியது என்பதை மணம் புரியாத ஒரு கன்னியர் எப்படிக் கேட்பார்? அவருடைய வாழ்க்கை எப்போது தொடங்கியது?

இந்த இடத்தில் பட்கர் நம்பும் மரபே அவருக்கு முழுத் துணையாக இல்லை. 16ஆம் நூற்றாண்டில் திரிதெந்து சங்கம் திருமண நிலையைக் கன்னிமை நிலைக்கு மேலானதாக வைப்பவர்களைச் சபித்தது. இலத்தீன் திருப்பலியை விரும்புகிறவர்கள் கையில் எடுத்துப் போற்றும் சங்கம் அது. திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் 1995இல் உலகப் பெண்களுக்கு எழுதிய மடலில் தாய்மாருக்கும் மனைவியருக்கும் நன்றி சொன்னார். அதே வரிசையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தனியாக நன்றி சொன்னார். 2004இல் அவர் புனிதராக அறிவித்த ஜான்னா பெரெத்தா மோல்லா ஓர் இத்தாலியக் குழந்தை மருத்துவர். திருமணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர். தாயும் மருத்துவருமாக ஒரே பெண்ணைப் பீடத்தில் ஏற்றிய திருச்சபைக்குள் நின்று, பதவியா பிள்ளையா என்று தராசு பிடிப்பது அதன் மரபில் ஒரு பக்கத்தை மட்டும் படித்ததன் விளைவு.

பட்கரின் தாயார் எமரி பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியலாளர் என்பதைத் தோண்டியெடுத்து, பார், உன் அம்மாவே வேலைக்குப் போனவர்தானே என்று கேலி செய்தார்கள். அது வாதமே இல்லை. வேலைக்குப் போன அம்மாவின் மகன் வேறுவிதமான வீட்டை விரும்பலாம், அதில் முரண் எதுவும் இல்லை.

## எத்தனை வீடுகளால் முடியும்?

அமெரிக்காவில் 18 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள தாய்மாரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் உழைக்கும் படையில் இருக்கிறார்கள். பியூ ஆய்வு மையத்தின் 2023 அறிக்கைப்படி, கணவன் மனைவி இருவரும் ஏறக்குறையச் சமமாகச் சம்பாதிக்கும் திருமணங்கள் 29 சதவீதம். மனைவியே முதன்மையாக அல்லது தனியாகச் சம்பாதிப்பவை 16 சதவீதம். மீதி 55 சதவீதத்தில் கணவன் முதன்மையாகவோ தனியாகவோ சம்பாதிக்கிறான். அந்த 55க்குள்ளும் வேலைக்குப் போகும் மனைவிகள் நிறைய உண்டு.

ஒரு சம்பளத்தில் குடும்பம் நடந்த காலம் என்று நினைவில் நிற்பது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கொஞ்ச காலத்தின் நடுத்தர வெள்ளையர் வீடுகளை. கறுப்பினப் பெண்கள் அப்போதும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், பெரும்பாலும் அந்த நடுத்தர வீடுகளுக்கே. அந்தக் காலத்தில் பெண்ணின் நிலை எப்படி இருந்தது என்பதற்கு ஒரே ஒரு அடையாளம்: 1974இல் சட்டம் வரும்வரை, கணவன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெண்ணுக்குக் கடன் அட்டை தர வங்கி மறுக்கலாம். பதவியும் சம்பளமும் பொய் என்று ஒருவர் சொல்லும்போது பாட்டிமார் நினைப்பது இதைத்தான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அந்த ஜெர்சிகளைப் பெண்களும் வாங்கினார்கள். பிள்ளைகளோடு வீட்டில் இருக்கும் தாயிடம் "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று விருந்தில் ஒருவர் கேட்பார், பதிலைக் கேட்டதும் அவர் கண் வேறு பக்கம் திரும்பும். அந்த அவமதிப்பு நிஜமானது. புகழ்பெற்ற ஒருவர் மேடையில், குரல் தழுதழுக்க, இது பெரிய வேலை என்று சொன்னது அவர்களுக்குத் தேவையாக இருந்தது. விமரிசகர்கள் பலர் இந்தத் தேவையைக் கண்டுகொள்ளவே இல்லை, அது அவர்கள் தவறு.

ஆனால் பட்கர் கொடுத்தது புகழ்ச்சி மட்டும். அமெரிக்காவில் தனியார் வேலையில் இருக்கும் தாய்க்கு நாடு தழுவிய சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு இன்றுவரை கிடையாது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளமில்லாமல், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு. பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருக்கத் துடிக்கும், கடையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு எந்தப் பொய்யும் தடையில்லை. வாடகை தடை. இருபது நிமிடப் பேச்சில் இது பற்றி ஒரு வரியும் இல்லை.

இதே முடிச்சை இன்னொரு விளையாட்டு வீரர் நேர்மாறான பக்கத்திலிருந்து சொல்லியிருந்தார். 2017 ஆஸ்திரேலிய ஓப்பனைக் கருவுற்றிருக்கும்போதே வென்ற செரீனா வில்லியம்ஸ், 2022இல் டென்னிஸிலிருந்து விலகுவதாக எழுதியபோது, குடும்பமா ஆட்டமா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையை நான் விரும்பவே இல்லை என்றார். ஆணாக இருந்திருந்தால் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், குடும்பத்தைப் பெருக்கும் உடல் உழைப்பை மனைவி செய்ய, நான் ஆடி வென்றுகொண்டிருப்பேன் என்றார். பட்கரின் வீட்டு ஏற்பாட்டை அவரைத் தெரியாமலே வரைந்து காட்டியதுபோல் இருக்கும் அது. 2024 ஜூலையில் விளையாட்டுத் தொலைக்காட்சியான ஈஎஸ்பிஎன்னின் எஸ்பி விருது விழாவைத் தொகுத்து வழங்கிய செரீனா, பெண்கள் விளையாட்டைப் பாருங்கள் என்ற பேச்சுக்கு நடுவே, பார்வையாளர் வரிசையில் இருந்த பட்கரைப் பார்த்து, நீங்கள் மட்டும் வேண்டாம் என்று போட்டுத் தாக்கினார். அரங்கு சிரித்தது.

## பிறகு நடந்தவை

பட்கர் பின்வாங்கவில்லை. பேச்சுக்கு இரண்டு வாரம் கழித்து நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி அமைப்பின் நிகழ்ச்சியில், சொன்னதற்கு வருத்தமில்லை என்ற தொனியிலேயே பேசினார். ஆகஸ்டில் சீஃப்ஸ் அவரோடு நான்கு ஆண்டுக்கு 2 கோடியே 56 லட்சம் டாலர் ஒப்பந்தம் போட்டது. அப்போது கிக்கர்களிலேயே அதிகச் சம்பளம் அது. அக்டோபரில் கிறிஸ்தவ வாக்காளர்களைத் திரட்டச் சொந்தமாக ஓர் அரசியல் நிதிக் குழுவைத் தொடங்கி, மிசௌரி செனட்டர் ஜாஷ் ஹாலிக்கு வெளிப்படையாக ஆதரவு தந்தார்.

இந்த ஹாலி பழமைவாதி, ஆனால் அவர் வெறும் புகழ்ச்சியோடு நின்றவர் இல்லை. 13 வயதுக்குக் கீழ் பிள்ளைகள் உள்ள மணமான தம்பதிக்கு ஆண்டுக்கு 12,000 டாலர், தனித்திருக்கும் பெற்றோருக்கு 6,000 டாலர் என்று வரிச் சலுகைத் திட்டம் ஒன்றை 2021இலேயே முன்வைத்தவர். அது சட்டமாகவில்லை. பட்கர் அட்சிசனில் பேச மறந்த பணக் கணக்கு, அவர் ஆதரித்த ஆளிடமே இருந்தது.

2024 நவம்பர் 5 தேர்தலில் மிசௌரியில் ஹாலி எளிதாக வென்றார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், கருக்கலைப்பு உரிமையை மாநில அரசியல் சட்டத்தில் சேர்க்கும் மூன்றாம் திருத்தமும் இருந்தது. ஹாலி எதிர்த்த அந்தத் திருத்தம் ஏறத்தாழ 52 சதவீத வாக்குகளோடு நிறைவேறியது. ஹாலிக்குப் போட்ட கையோடு திருத்தத்துக்கும் ஆதரவாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள் அந்த மாநிலத்தில் கணிசமாக இருந்தார்கள்.